காற்றாலை யாருடையது?



அண்மையில் அறிவியல் பாடத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். காற்றாலைப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, காற்று அதன் இறக்கைகளை எவ்வாறு சுழற்றுகிறது, சுழற்சி எவ்வாறு மின்சாரமாக மாறுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "டீச்சர், இது யாருடைய காற்றாலை?" என்று கேட்டாள்.

பாடத்திட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. எப்படி இயங்குகிறது, எதனால் இயங்குகிறது என்பதோடு பாடநூல் நின்றுவிடுகிறது. ஆயினும் மின்சாரத்தைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளுள் இதுவே முதன்மையானது என்பது என் கருத்து. காற்று எல்லாருக்கும் பொது, காற்றாலை அப்படியன்று.

அவளுக்கு நான் சொன்ன விடை ஓடந்துறை என்ற ஊரின் கதை. அதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊராட்சி ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை திரு. சண்முகம் அவர்கள் அதன் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் அவருடைய துணைவியார் திருமதி லிங்கம்மாள் அவர்கள் அப்பொறுப்பை ஏற்றார். ஊராட்சி முதலில் கையில் எடுத்தது மின்சாரத்தை அன்று, குடிநீரை. பவானி ஆற்றிலிருந்து நீரை ஏற்றி, தூய்மைப்படுத்தி, சிற்றூர்களுக்கெல்லாம் குழாய் வழியே கொடுத்தார்கள். தெருவிளக்குகளும் பெருகின. ஊர் மகிழ்ந்தது. ஆனால் நீரேற்றும் பொறிக்கும் தெருவிளக்குக்கும் மின்சாரம் வேண்டுமே! மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவில் இருந்த ஊராட்சியின் மின்கட்டணம் சில ஆண்டுகளில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை ஏறிவிட்டதாக அக்காலச் செய்திகள் கூறுகின்றன.

வசதி கூடக் கூடக் கட்டணமும் கூடும் என்பது நம் வீடுகளிலும் நாம் அறிந்ததுதான். பெரும்பாலான ஊராட்சிகள் இந்நிலையில் ஒன்று வரியை உயர்த்தும், அல்லது விளக்கை அணைக்கும், அல்லது நிலுவை வைத்துவிட்டு அரசு தள்ளுபடி செய்யும் நாளுக்காகக் காத்திருக்கும். ஓடந்துறையார் இம்மூன்றையும் செய்யாமல் மின்சாரத்தைத் தாங்களே ஆக்க முடியுமா என்று பார்த்தார்கள். தொடக்கம் சிறியதுதான். 2003இல் 9 கிலோவாட் திறனுள்ள ஓர் எரிவாயு ஆக்கியை நிறுவினார்கள். மர அறுவை ஆலையில் எஞ்சும் கழிவு மரத்தை எரித்து வாயுவாக்கி, அதைக்கொண்டு நீரேற்றும் பொறியை இயக்கும் அமைப்பு அது. சில குடியிருப்புகளில் கதிரொளித் தெருவிளக்குகளையும் நட்டார்கள். அதன் பிறகே பெரிய அடியை எடுத்து வைத்தார்கள்.

2006இல் ஓடந்துறை ஊராட்சி 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை விலைக்கு வாங்கியது. விலை 1 கோடியே 55 இலட்சம் ரூபாய். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதம் வங்கிக் கடன். கடன் கேட்டு வந்தவர் தொழிலதிபர் அல்லர், ஒரு சிற்றூரின் ஊராட்சித் தலைவர். வங்கி மேலாளர் எத்தனை முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தைப் படித்திருப்பாரோ!

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் மைவாடி என்ற இடத்தில் நிறுத்தப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாயிலைப் போலத் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பாய்ந்து வருவதால் உடுமலைப் பகுதி காற்றாலைகளுக்கு ஏற்ற இடமாயிற்று. காற்று எங்கே வீசுகிறதோ அங்கே ஆலையை நட்டு, மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் சேர்த்தார்கள்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 75 ஆயிரம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ நாலரை இலட்சம் யூனிட். தேவைக்கு மேல் ஆக்கியதும் மின்வாரியத்திற்கே சென்றது. மின்சாரத்தை விற்ற வருவாயிலிருந்தே வங்கிக் கடனை அடைத்து வந்தார்கள்.

(கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பயிற்சி: 350 கிலோவாட் ஆலை ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரமும் ஓயாமல் முழுத்திறனில் ஓடினால் 350 × 24 × 365 = 30,66,000 யூனிட் கிடைக்க வேண்டும். கிடைத்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். காற்று நாள்தோறும் வேலைக்கு வருவதில்லை என்பதை விழுக்காட்டுப் பாடத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.)

இந்தக் கதையைப் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் "தனக்கான மின்சாரத்தைத் தானே ஆக்கும் சிற்றூர்" என்ற வியப்போடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வியப்பில் ஒரு குறை தோன்றுகிறது. காற்றாலை வந்த பின்னும் ஓடந்துறையின் வீடுகளுக்கு மின்கட்டணச் சீட்டு மின்வாரியத்திலிருந்துதான் வந்தது. ஊராட்சி எந்த ஏழையின் வீட்டுக்கும் மலிவு விலையில் மின்சாரம் விற்கவில்லை. வீட்டுக் கட்டணத்தைக் குறைத்தது மாநில அரசின் சலுகை. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். காற்றாலை குறைத்தது ஊராட்சியின் சுமையை. அதன் பயன் குழாய்த் தண்ணீராகவும் தெருவிளக்காகவும் ஏழை வீட்டை அடைந்தது. அக்கதையின் வலிமையே இங்குதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஏன் என்பதற்கு இங்கிலாந்துக்குச் சற்றுப் போய்வர வேண்டும்.

குளிர்நாடான அங்கே 'எரிபொருள் வறுமை' என்ற சொல் அரசாங்கத்தின் ஏட்டிலேயே உண்டு. பிரெண்டா போர்ட்மேன் என்ற ஆய்வாளர் 1991இல் இதே பெயரில் ஒரு நூல் எழுதினார். வீட்டைப் போதுமான அளவு சூடாக்கவும் விளக்கேற்றவும் சமைக்கவும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவிட வேண்டியிருக்கும் குடும்பம் எரிபொருள் வறுமையில் உள்ளது என்பது அவர் வகுத்த அளவுகோல். பின்னாளில் அங்கே அளவுகோலை மாற்றிக்கொண்டார்கள்; ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்னும் கணக்கு எளிமையானது, எந்த நாட்டுத் தாயும் தன் வீட்டில் போட்டுப் பார்க்கத்தக்கது.

அந்த வறுமையைக் குறைப்பதற்கென்று நாட்டிங்காம் மாநகர் மன்றம் 2015இல் ஒரு மின்விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியது. பெயர் ராபின் ஹூட் எனர்ஜி. செல்வரிடமிருந்து எடுத்து ஏழைக்குக் கொடுத்த அந்த ஊர்க் கதைத்தலைவனின் பெயரை வைத்ததிலேயே நோக்கம் விளங்குகிறது அல்லவா? இலாபம் வேண்டாம், மலிவாக விற்போம் என்றார்கள். லீட்ஸ், லிவர்பூல் போன்ற நகர மன்றங்களும் அதோடு கைகோத்துத் தத்தம் பெயரில் மின்சாரம் விற்றன. பிரிஸ்டல் மாநகர் மன்றமும் தனியே ஒரு நிறுவனம் நடத்தியது.

ஐந்தே ஆண்டுகள்! 2019இல் நாட்டிங்காம் நிறுவனம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்காகச் செலுத்த வேண்டிய கட்டாயத் தொகையை உரிய நாளில் செலுத்த முடியாமல் திணறியது. 2020இல் மூடப்பட்டது; வாடிக்கையாளர்கள் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மாநகர் மன்றத்திற்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 38 மில்லியன் பவுண்டு. தணிக்கையாளர் அவ்வாண்டே வெளியிட்ட அறிக்கை மன்றத்தின் மேற்பார்வையைக் கடுமையாகச் சாடியது. பிரிஸ்டல் நிறுவனமும் அதே ஆண்டில் விற்கப்பட்டது.

இரண்டு இடத்தும் நோக்கம் நல்லது. நாட்டிங்காம் நிறுவனம் மின்சாரத்தை ஆக்கவில்லை. மொத்தச் சந்தையில் வாங்கிச் சில்லறைக்கு விற்றது. சந்தை விலை ஏறினால் வாங்கும் விலையும் ஏறும். ஏழைகளுக்காகவே தொடங்கியதால் விற்கும் விலையை உயர்த்த மனம் வராது. அரிசி விலை ஏறும்போது பழைய விலைக்கே அரிசி விற்க நினைக்கும் மளிகைக் கடைக்காரரின் நிலை அது. 2021இல் எரிவாயு விலை உயர்ந்தபோது அந்நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு மின்விற்பனை நிறுவனங்கள் வீழ்ந்தன. ராபின் ஹூட் முன்னமே போய்விட்டதால் அந்தப் புயலைப் பார்க்கவில்லை. ஓடந்துறையோ வயலை வாங்கியது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அதன் காற்று இலவசம். கட்ட வேண்டியது கடன் தவணையும் பராமரிப்பும் மட்டுமே. விற்பனைக்கு வாடிக்கையாளரைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. முதல் வாடிக்கையாளர் ஊராட்சியின் நீரேற்றும் பொறியே.

ஊராட்சி மன்றங்கள் மின்தொழிலில் இறங்கலாமா என்று கேட்டால், இறங்கலாம், ஆனால் முதலில் தன் சொந்தக் கட்டணச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும் என்பேன். அதனால்தான் ஓடந்துறை வீடுகளுக்கு மின்சாரம் விற்காததை நான் குறையாகக் கருதவில்லை.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நடந்திருக்கிறது என்பதே விடை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே நகராட்சிதான் மின்சாரம் வழங்கியது. டிராம் வண்டியையும் பின்னர்க் கம்பி வழி மின்சாரம் பெற்று ஓடிய டிராலி பேருந்தையும் அதே நகராட்சிதான் ஓட்டியது. 1957 சனவரி முதல் நாளில் ஜார்ஜ்டவுன் மாநகராயிற்று. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். அந்த மன்றம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். மின்சாரம், குடிநீர், பேருந்து எல்லாம் தன் கையில் இருந்ததால் அது நாட்டின் வளமான ஊராட்சி மன்றமாகவும் விளங்கியது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு அவை மீளவில்லை. அதே 1976இல் பினாங்கின் மின்வழங்கலும் அப்போதைய தேசிய மின்சார வாரியத்தின் கைக்கு மாறியது. அந்த வாரியமே 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று.

ஒரே வாரியம் தீபகற்பமெங்கும் கம்பி இழுத்ததால்தான் தோட்டப்புறங்களுக்கும் கம்பங்களுக்கும் மின்சாரம் வந்தது என்பதையும் மறுக்கக் கூடாது. அதில் பயன் பெற்றவர்களுள் நானும் ஒருத்தி. குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் வளர்ந்த எண்பதுகளில் எங்கள் லயத்து வீடுகளுக்குத் தோட்டத்து மின்னாக்கிதான் ஒளி. மாலை ஆறரைக்கு அது உறுமத் தொடங்கும். இரவு பத்துக்கு அடங்கிவிடும். அடங்குவதற்குச் சற்று முன் விளக்கு ஒருமுறை மங்கும். அம்மா தீப்பெட்டியைத் தேடத் தொடங்குவார். ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கு நான் படித்ததில் பாதி மண்ணெண்ணெய் விளக்கில்தான். தொண்ணூறுகளின் நடுவில் தெனாகாவின் கம்பி தோட்டத்திற்குள் வந்தபோது, இரவு பத்து மணிக்குப் பிறகும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்காகவே லயத்துப் பிள்ளைகள் அனைவரும் விழித்திருந்தோம்.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று ஜொகூர் பாருவிலும் கூலாயிலும் பாசிர் கூடாங்கிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளில் பெற்றோர்களாக இருக்கிறார்கள். அங்கே கம்பி வராத வீடு இல்லை. ஆனால் கம்பி இருந்தும் ஒளி இல்லாத வீடு உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து ஒரு வாரம் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். நல்ல பிள்ளை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த வாரம் அவன் செய்து வந்த ஒரேயொரு பயிற்சியில் எழுத்துகள் வரியை விட்டு இறங்கிக் கிடந்தன. தாயாரை அழைத்துப் பேசினேன். அவர் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்ப்பவர். நெடுநேரம் வேறெதையோ பேசிவிட்டு, கடைசியில் சொன்னார்: "பையன் மேல கோபப்படாதீங்க டீச்சர். வீட்ல கரண்ட் வெட்டிட்டாங்க. கைப்பேசி வெளிச்சத்துல எழுதுறான்."

மூன்று மாத நிலுவையாம். குளிர்பெட்டி நின்றுவிட்டதால் அன்றாடம் சமைத்து அன்றாடம் தீர்க்க வேண்டிய நிலை. அதனால் செலவு இன்னும் கூடியது. இரவில் காற்றாடி இல்லாமல் மூன்றாவது மாடியில், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சுவருக்குள், கைக்குழந்தை தூங்கவில்லை. அண்ணனும் தூங்கவில்லை. இங்கிலாந்தில் எரிபொருள் வறுமை என்றால் குளிர். நமக்கு அது புழுக்கம். வகுப்பில் அது கொட்டாவியாகத்தான் ஆசிரியர் கண்ணில் படுகிறது.

உதவி இல்லாமல் இல்லை. 2008இல் இருந்து 2018 முடியும் வரை, மாதக் கட்டணம் 20 ரிங்கிட்டைத் தாண்டாத வீடுகள் மின்சாரத்துக்கு எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு வந்த திட்டத்தில், அரசாங்கத்தின் இ-காசே பட்டியலில் கடும் வறுமையில் உள்ளோர் எனப் பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை கழிவு கிடைக்கிறது. பழைய சலுகை எந்தப் படிவமும் இல்லாமல் தானே வந்தது. புதியதற்குப் பட்டியலில் பெயர் வேண்டும். அந்தத் தாயாருக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுப்பாடம் வராத பிள்ளையின் பெற்றோரிடம் பேசும்போது, தயங்காமல் மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல் கேளுங்கள். இ-காசே விண்ணப்பத்தை நிரப்ப நம்மால் உதவ முடியும். அரைமணி நேர வேலை.

மீண்டும் ஊராட்சி மன்றங்களுக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் மாநகர் மன்றங்களும் நகராண்மைக் கழகங்களும் மாவட்ட மன்றங்களும் இருக்கின்றன. மின்சாரம் விற்பது அவற்றின் வேலை அன்று; விற்க நினைத்தால் உரிமம் வேண்டும். நாட்டிங்காமின் வழியில் போகச் சொல்லி எவரும் அவற்றைத் தூண்ட வேண்டாம். நம் நாட்டில் காற்று உடுமலைப்பேட்டையைப் போல வீசுவதும் இல்லை. ஆனால் வெயிலுக்குப் பஞ்சமா? சந்தைக் கூரை, பொது மண்டபக் கூரை, மன்றக் கட்டடத்தின் கூரை எல்லாம் மன்றங்களின் சொத்து. ஆண்டுக்கு இருமுறை நாம் செலுத்தும் மதிப்பீட்டு வரியில் ஒரு பங்கு விளக்குகளுக்கும் மன்றக் கட்டடங்களுக்கும் மின்கட்டணமாகப் போகிறது. அந்தக் கட்டணத்தை மன்றத்தின் கூரைகளே கொஞ்சம் குறைத்தால், மிச்சமாகும் பணத்தை மலிவுவிலை அடுக்குமாடிகளின் மாடிப்படி விளக்குக்கும் பழுதடைந்த மின்தூக்கிக்கும் திருப்பிவிடலாம். ஏழை வீட்டு மின்கட்டணச் சீட்டில் அது ஒரு காசும் குறைக்காது என்பது உண்மை. ஆனால் இருண்ட மாடிப்படியில் வேலைமுடிந்து ஏறிவரும் தாய்க்கு அது என்ன என்பதை அந்த மாடிப்படியில் ஏறிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஜொகூரில் அண்மை ஆண்டுகளாகத் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. செடெனாக் பக்கம் காரில் போனால் சன்னல் இல்லாத பெருங்கட்டடங்களைக் காணலாம். ஒரு சிறு நகரத்துக்குப் போதுமான மின்சாரத்தை உண்ணக்கூடியவை அவை. அவை வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் சிலர் அங்கே வேலைக்கும் போவார்கள். ஆனால் அவற்றிடமிருந்து ஊராட்சி மன்றங்களுக்குக் கிடைக்கும் வரி எதற்குச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை வரி கட்டும் நமக்கு உண்டு.

நம் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்கள். ஓடந்துறையில் மக்கள் கிராம சபையில் எழுந்து நின்று தலைவரைக் கேட்டதுபோல நாம் கேட்க முடியாது. கடிதம் எழுதத் தடையேதும் இல்லை. எங்கள் வட்டாரத்து மன்ற உறுப்பினருக்கு மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். கேட்டிருப்பவை இரண்டே எண்கள்: சென்ற ஆண்டில் மன்றம் தன் விளக்குகளுக்கும் கட்டடங்களுக்கும் செலுத்திய மின்கட்டணம் எவ்வளவு? மன்றத்துக்குச் சொந்தமான கூரைகளின் பரப்பு எவ்வளவு? என் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த பதினோரு பெற்றோர்கள் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம்.